மூன்று பேரில் கணக்குத் தெரிந்தவர்

மாட்டின் நாடியைப் பார்க்க வேண்டுமானால் அதன் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் இரண்டு விரல்களை வைத்து, சற்று அழுத்திக் காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. மாடு அசை போடுவதுதான் கையில் படும். பிறகு எங்கிருந்தோ வழி விசாரித்துக்கொண்டு வந்ததுபோல ஒரு துடிப்பு விரல்நுனியைத் தொட்டுவிட்டுப் போகும். அது கிடைத்ததும் டாக்டர் கண்களைப் பாதி மூடிக்கொள்வார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முறை, மிகச் சிறிதாக, தலையை ஆட்டுவார். எண்ணிக்கை தவறாமலிருக்க வாலிப வயதில் அவராகப் பழகிக்கொண்ட வழி அது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை ஆட்டி ஆட்டி, கடைசியில் மாடு இல்லாத இடத்திலும் தலை தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிட்டது. மனம் கலங்கினால் போதும், இரண்டு விரல்கள் மேசையின் அடிவிளிம்பையோ நாற்காலிக் கையின் அடிப்பக்கத்தையோ தேடிப்போய் அழுத்திக்கொள்ளும். கண் பாதி மூடும். தலை மெல்ல ஆடும். பார்க்கிறவர்களுக்கு, சொல்வதையெல்லாம் நிதானமாக உள்வாங்கி ஆமோதிக்கும் பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

அவர் மனைவி மட்டும் ஏமாந்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம், "தலை ஆடுது, ஆள் உள்ள இல்ல. அப்புறமா வந்து சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஓய்வு பெற்ற மறுவருடம் டாக்டருக்கு ஓர் ஆணை வந்தது. அரசுக்குச் சொந்தமான கால்நடைத் தீவனக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் அவரும் ஒருவர், வெளியிலிருந்து வரும் உறுப்பினர். தீவனம் விற்கிற கம்பெனியில் மாட்டைப் பற்றித் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கோட்டைத் தையல்காரரிடம் கொடுத்து இடுப்புப் பக்கம் பிரித்துத் தைத்துக்கொண்டார். கறவை மாடுகளுக்குத் தீவனத்தில் என்ன உப்பு எவ்வளவு சேர வேண்டும் என்று பேசுவதற்குத் தயார்செய்துகொண்டு முதல் கூட்டத்துக்குப் போனார். அந்தக் கூட்டத்தில் மாடு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. எழுந்திருக்கும் நேரத்தில் கம்பெனிச் செயலாளர், தணிக்கைக் குழுவில் ஓர் இடம் காலியாயிருக்கிறது, டாக்டரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி முடித்திருந்தார்கள்.

கம்பெனிக்காரர்களே கணக்கை எழுதி, அவர்களே சரி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதற்காக வெளியாட்கள் மூன்று பேர் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, கேள்வி கேட்டு, மனம் ஒப்பினால் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் தணிக்கைக் குழு. மூவரும் வந்தால்தான் கூட்டம். மூவரில் ஒருவருக்காவது கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. காலியான இடம் ஒரு பழைய வங்கி அதிகாரியுடையது. அவர் நிறையக் கேள்வி கேட்பாராம். அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது அதை நீட்டிக்க யாருக்கும் நினைவு வரவில்லை.

தனக்கு வீட்டுப் பால் கணக்குக்கூட வராது என்று டாக்டர் செயலாளரைத் தனியாகப் பிடித்துச் சொன்னார். செயலாளர் அவர் தோளைத் தொட்டு, "குழுவுல தெரிஞ்சவங்க இருக்காங்க டாக்டர். நீங்க பாட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றார்.

மனைவி இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாட்டுக்கு ஊசி போடுறவரக் கணக்குப் பாக்க வச்சிருக்காங்க. கணக்குப்பிள்ளைய எப்பங்க கன்னு எடுக்க அனுப்புவாங்க?"

தெரிந்தவர் யார் என்பதை டாக்டரே கண்டுபிடித்துக்கொண்டார். குழுவின் தலைவர், பெண்கள் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பான பருத்திப் புடவை, கையில் சிவப்புப் பென்சில். கணக்கு அறிக்கை கையில் வந்ததும் பென்சில் அதன் மேல் ஓடத் தொடங்கும். இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. மற்றவர் வீட்டுவசதித் துறையில் இருந்த இன்ஜினியர். கால்குலேட்டர் இல்லாமல் உட்கார மாட்டார். நிதி மேலாளர் ஒரு தொகையைச் சொன்னால் உடனே விரல்கள் தட்டும், முகம் சுருங்கும், மறுபடி தட்டும். பென்சிலும் கால்குலேட்டரும் இருக்கிற இடத்தில் தன் அறியாமை பெரிய சேதம் செய்துவிடாது என்று டாக்டர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஆனாலும் தேற்றல் வீடு வரை தாங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப்பதிவுப் பாடநூல் ஒன்றை வாங்கி, செய்தித்தாளுக்குள் மறைத்துக்கொண்டு வந்து படித்தார். சொத்தும் கடனும் எதிரெதிர்ப் பக்கம் நின்று கடைசியில் சமமாகிவிடுவதைப் பார்த்தபோதெல்லாம் அவருக்குச் சந்தேகம்தான் வந்தது. அவர் பார்த்த எந்த உயிரும் அப்படிச் சமமாக இருந்ததில்லை. ஒரு பக்கம் வீங்கும், ஒரு பக்கம் வற்றும். இங்கே நஷ்டம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் அறிக்கையின் கடைசி வரி மட்டும் காய்ச்சலில்லாத நெற்றிபோல் குளிர்ந்து கிடக்கிறது. எங்கே கைவைத்தால் நாடி கிடைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

இதில் அவருக்கு வேறொரு பாரமும் இருந்தது. அவருடைய ஒரே தங்கையின் கணவர் அதே கம்பெனியில்தான் கிடங்குப் பொறுப்பாளர். டாக்டர் குழுவுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே சேர்ந்தவர். செயலாளரிடம் இதைச் சொன்னபோது அவர் எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றதோடு சரி. கம்பெனியில் சம்பளம் நின்று மாதங்களாகியிருந்தது. தங்கை எதுவும் கேட்கிற ரகமில்லை. ஆனால் டாக்டர் அவள் வீட்டுக்குப் போனபோது ஜன்னலோரம் தையல் மிஷின் இல்லை. அதன் கால்கள் நின்ற இடத்தில், சிமெண்டுத் தரையில், நான்கு சிறிய பள்ளங்கள் மட்டும் இருந்தன. அவள் அவற்றின் மேல் ஒரு பாயை விரித்து, "உக்காருங்கண்ணே" என்றாள். டாக்டர் அந்தப் பள்ளங்களின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தார்.

ஆண்டுக் கணக்கை முடிக்கும் கூட்டம் நெருங்கியது. கணக்கு நிறைவேறினால் வங்கி புதுக் கடன் தரும், கடன் வந்தால் நின்ற சம்பளம் வரும் என்று ஆலை வாசலில் தட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வாரத்தில்தான் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், டாக்டரைக் கிடங்குக்கு வந்துபோகச் சொன்னார். சும்மா வாங்க, ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுங்க என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

கிடங்கின் முன்வரிசைகள் அழகாக இருந்தன. புதுச் சாக்கு, நேர்த்தியான அடுக்கு, பிண்ணாக்கும் தவிடும் சேர்ந்த நல்ல வாசனை. மாப்பிள்ளை பேசாமல் அவரை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, ஒருக்களித்து நடக்க வேண்டிய சந்து வழியாக, பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வாசனை மாறியது. டாக்டர் மூட்டையில் கைவைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வைத்தார். சாக்கு கல்லாக இறுகியிருந்தது. ஓரம் கிழிந்த இடத்தில் விரலை விட்டு எடுத்தபோது பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டு வந்தது. மேலே கூரைத் தகட்டில் வானம் தெரியும் அளவுக்கு ஓட்டை. போன மழைக்கு முந்திய மழையிலேயே நனைந்துவிட்டதாம். பின்சுவர் வரைக்கும் எல்லாம் இதே கதிதான். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையை மட்டும் எண்ணி, அதை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொண்டு, காரில் ஏறிவிட்டார்கள்.

இந்தத் தீவனத்தை எந்த மாட்டின் வாயிலும் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அறிக்கையில் இது நல்ல சரக்கின் விலைக்குச் சொத்தாக நிற்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. பாடநூலில் புரியாத ஒன்று மூக்கின் வழியாகப் புரிந்துவிட்டது. இதை இல்லையென்று கழித்தால் கம்பெனியின் நஷ்டம் கூரையை முட்டும்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா மாப்பிள்ள?"

"மேனேஜர்கிட்ட சொன்னேன். முன்னால புதுச அடுக்குன்னாரு. அடுக்குனேன்." மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "உங்ககிட்ட காட்டாம இருக்க முடியல மச்சான். ராத்திரியெல்லாம் இந்த நாத்தம் மூக்குல நிக்குது. ஆனா இத அங்க சொல்லிடாதீங்க. சொன்னா பேங்குக்காரன் கைய விரிச்சிடுவான். சம்பளம் போச்சு. உங்க தங்கச்சி இனி விக்கறதுக்கு வீட்ல ஒண்ணும் பாக்கியில்ல."

காட்டியவரே கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். டாக்டரின் மற்றக் கை பக்கத்து மூட்டையின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது. தலை ஆடியது. மாப்பிள்ளை அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, நிம்மதியாக மூச்சுவிட்டு, வழிகாட்டி வெளியே கூட்டிவந்தார்.

வீட்டுக்கு வந்து டாக்டர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். பேசாமல் உறுப்பினர் பதவியே வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார் மனைவி. அதுவும் முடியாது. அவர் விலகினால் மூவர் இருவராகி, கூட்டமே நடக்காது. கூட்டம் நடக்காவிட்டால் கணக்கு நிற்கும், கடன் நிற்கும், சம்பளமும் நிற்கும். சொன்னாலும் தங்கை வீடு இருட்டு, விலகினாலும் இருட்டு. சொல்லாமலிருந்தால்? தவறு என்று தெரிந்தே கையெழுத்து. கட்டிப்போட்ட மாடு முளையைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றை முழுக்கச் சுற்றிக்கொண்டு, கடைசியில் கழுத்து முளையோடு ஒட்டிப்போய் நிற்குமே, அப்படி நின்றார்.

யோசித்து யோசித்து ஒரு நடுவழியைப் பிடித்தார். தானாக எதையும் சொல்வதில்லை. ஆனால் பென்சிலோ கால்குலேட்டரோ, கணக்குத் தெரிந்த இருவரில் ஒருவர், கையிருப்புச் சரக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால், தான் கண்டதையெல்லாம் சொல்லிவிடுவது. தெரிந்தவர்களுக்கே சந்தேகம் வரவில்லையென்றால், ஒருவேளை கணக்கில் இதற்கெல்லாம் ஏதாவது ஏற்பாடு இருக்கலாம், மாட்டு டாக்டருக்கு என்ன தெரியும். இதைக் கேட்ட மனைவி இந்த முறை சிரிக்கவில்லை. "உங்க மூக்க அவங்ககிட்ட அடமானம் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

கூட்ட அறையில் நீள மேசை, கண்ணாடிக் குவளைகள், சத்தமில்லாத குளிர்சாதனம். நிதி மேலாளர் இனிமையான மனிதர். அவர் பேச்சு புதிதாக எண்ணெய் போட்ட கதவு மாதிரி, திறப்பதும் தெரியாது, மூடுவதும் தெரியாது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். வருமானம் சரிவு, மூலப்பொருள் விலையேற்றம், வட்டி. தலைமையாசிரியையின் பென்சில் கோடிட்டது. இன்ஜினியரின் விரல்கள் தட்டின. டாக்டரின் இரண்டு விரல்கள் மேசையின் அடியில், மரம் சற்று உள்வாங்கிய ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

கையிருப்புச் சரக்கின் பக்கம் வந்தது. நிதி மேலாளர் அதை ஒரு வாக்கியத்தில் கடந்தார். டாக்டர் பென்சிலைப் பார்த்தார். பென்சில் அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டது. இதோ கேட்கப்போகிறார் என்று டாக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். பென்சில் நின்றது. தலைமையாசிரியை எதுவும் கேட்காமல் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். இன்ஜினியரும் கால்குலேட்டரிலிருந்து கண்ணெடுத்து அவரைத்தான் பார்த்தார். தன் முகத்தில் ஏதாவது தெரிந்துவிட்டதோ என்று டாக்டர் பயந்தார். பயத்தில் விரல்கள் இன்னும் இறுகின. கண் பாதி மூடியது. தலை, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றாக, ஆடிக்கொண்டேயிருந்தது. அது அவருடைய சொந்த நாடி.

"டாக்டர்," என்றார் தலைமையாசிரியை. "உங்களுக்கு இதுல ஏதாவது கேக்கணுமா?"

அறை முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. கிடங்கின் சந்து, இறுகிய சாக்கு, விரலில் ஒட்டிய பச்சை எல்லாம் நாக்கின் நுனி வரை வந்தன. கூடவே சிமெண்டுத் தரையின் நான்கு பள்ளங்களும் வந்தன.

"இல்லம்மா. நீங்க பாத்தா சரி."

தலைமையாசிரியை இன்னும் சிறிது நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். மூவரும் கையெழுத்திட்டார்கள். யாரோ பிஸ்கட் தட்டை நகர்த்தினார்கள்.

கடன் வந்தது. வந்த கையோடு அதே வங்கி அதில் பெரும்பகுதியைப் பழைய வட்டிக்கென்று பிடித்துக்கொண்டது. ஆலைத் தொழிலாளர்களுக்கு அரை மாதச் சம்பளம் கிடைத்தது, அவ்வளவுதான். கிடங்கில் விற்கத்தக்க சரக்கு இல்லை என்பது அடுத்த மழைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கம்பெனியை மூட ஆணை வந்தது. நேரத்தோடு உண்மை தெரிந்திருந்தால் ஆலையை வேறொரு அரசு நிறுவனத்தோடு இணைத்து ஆட்களையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்கள். கிடைத்த கடனும் சேர்ந்து கழுத்தில் ஏறிய பிறகு ஆலையை ஏற்க யாரும் முன்வரவில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டே வந்த சேமநிதிப் பணமும் கட்டப்படவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை பெயர், பின்வரிசையை மறைத்து அடுக்கியவர் என்று விசாரணையிலும் அடிபட்டது.

தங்கை வருவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை ஒன்றும் போடவில்லை. டாக்டர் போனால் பாய் விரிப்பாள், தேநீர் வைப்பாள், பிறகு உள்ளே போய்த் துணி மடிப்பாள். அவர் போகிற வரை மடித்துக்கொண்டேயிருப்பாள். அவ்வளவு துணி அந்த வீட்டில் கிடையாது. மடித்ததையே உதறி மறுபடி மடிக்கிறாள் என்று டாக்டருக்குத் தெரியும்.

தூரத்து நகரத்தில் காவலாளி வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று, மாப்பிள்ளை மட்டும் சொல்லிக்கொள்ள வந்தார். பையைக் கீழே வைக்காமல் வாசல்படியிலேயே நின்றார். உள்ளே வரச்சொல்லி டாக்டரின் மனைவி கூப்பிட்டதற்கு நேரமாகிவிட்டது என்றார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்குச் சொல்லாதீங்கன்னு சொன்னேன் மச்சான். கேட்டுக்கிட்டீங்க," என்றார் மாப்பிள்ளை. "ஏன் கேட்டீங்க?"

டாக்டர் அந்தப் பையைப் பார்த்தார்.

"நான் பயத்துல சொன்னேன். வயித்துக்காகச் சொன்னேன். நீங்க படிச்சவரு, அவ்ளோ பெரிய இடத்துல உக்காந்திருக்கீங்க. ஒரு சத்தம் போட்டு, போடா, உன் பேச்சக் கேக்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்க இருந்துச்சு. அதனாலதான உங்களக் கூட்டிட்டுப் போனேன்."

டாக்டரின் விரல்கள் நாற்காலிக் கையின் அடிப்பக்கத்தைப் பிடித்திருந்தன. தலை ஆடிக்கொண்டிருந்தது.

"தலையாட்டாதீங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை மெதுவாக. பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

டாக்டர் இப்போது பேசுவது குறைவு. கறவை நின்ற ஒரு மாட்டைப் பார்க்கச் சொல்லி அண்டைத் தெருக்காரர் ஒருவர் கூப்பிட்டபோது போனார். தாடையில் விரலை வைத்தார். காத்திருந்தார். துடிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் அவர் தலை அசையவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ண முயன்று, பாதியில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் வேறு டாக்டரைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இவ்வளவும் எழுதியான பிறகுதான் தலைமையாசிரியை ஒரு விஷயத்தைச் சொல்லித் தெரியவந்தது. அவர் மொழிப்பாடம் நடத்தியவர். கணக்கு அறிக்கையில் அவர் பென்சில் வட்டமிட்டதெல்லாம் எழுத்துப் பிழைகளைத்தான். அந்தக் கூட்டத்துக்கு அவரும் இன்ஜினியரும் ஒரே காரில் போனார்கள். வழியில் அவர் மனதைத் திறந்து, எனக்கு இந்தக் கணக்கு ஒன்றும் புரிவதில்லை, உங்களை நம்பித்தான் இவ்வளவு நாளாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்று இன்ஜினியரிடம் சொன்னார். இன்ஜினியர் பதறிப்போய், நான் உங்களை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அப்படியானால் கணக்குத் தெரிந்தவர் டாக்டர்தான் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். வங்கி அதிகாரியின் இடத்துக்கு வந்தவரல்லவா, எதைச் சொன்னாலும் நிதானமாகப் புரிந்து தலையசைக்கிறவரல்லவா. ஆலையைப் பற்றி வெளியில் கேள்விப்பட்டது இருவருக்குமே உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் காரை விட்டு இறங்கும்முன் ஒன்று பேசி வைத்துக்கொண்டார்கள்: டாக்டர் மட்டும் தலையாட்டாமல், ஒரே ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால்கூட, அன்று மூவரும் கையெழுத்துப் போடுவதில்லை.